புரோட்டீன் பவுடர்: எந்த ஃப்ளேவர் எனக்கு ஒத்துக்கொள்ளும்?

வாசகரின் கடிதம், சுருக்கமாக

ஈரோட்டிலிருந்து 34 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஜவுளி நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறார். எடை 72 கிலோ. முட்டை சாப்பிடுவார், மீனும் கறியும் கிடையாது. ஆறு மாதங்களாக, வாரத்தில் நான்கு நாட்கள், இரவு எட்டு மணிக்கு ஜிம்முக்குப் போய் வருகிறார். பயிற்சியாளர் சொன்னதன் பேரில் அவரிடமே இரண்டு கிலோ சாக்லேட் ஃப்ளேவர் வே புரோட்டீன் (பாலிலிருந்து பிரித்தெடுக்கும் புரதம்) டப்பா ஒன்றை ரசீது இல்லாமல் வாங்கி, தினமும் இரண்டு ஸ்கூப்பை 300 மில்லி பாலில் கலந்து குடித்திருக்கிறார். மூன்று வாரத்தில் வயிற்று உப்புசமும் வாயுத் தொல்லையும் தொடங்கிவிட்டன. சாக்லேட் இனிப்பும் திகட்டிவிட்டது. மாம்பழம், குல்ஃபி, காபி, வெனிலா என்று பல ஃப்ளேவர்கள் இருப்பதால் எதற்கு மாறலாம் என்பது அவருடைய முதல் கேள்வி. பவுடர் உடம்புக்குச் சூடு என்று அம்மா சொல்வதும், அதில் சேரும் சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்பு புற்றுநோய் தரும் என்று நண்பர் சொல்வதும் சரியா என்றும் கேட்கிறார். தண்ணீரில் கட்டியில்லாமல் கரைவதால் தன்னுடையது ஒரிஜினல்தான் என்று நம்புகிறார். டப்பாவின் லேபிளையும் அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறார். கடிதத்தின் கடைசி நான்கு வரிகளில், 12 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ள 67 வயது அப்பாவுக்கு, சோர்வு தீரட்டும் என்று பத்து நாட்களாகத் தினம் ஒரு ஸ்கூப் கொடுத்து வருவதையும், அண்மை ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அப்பாவுக்கு 1.9 என்று வந்ததையும், மூன்றாம் வகுப்பு படிக்கும் மகளுக்கும் பாலில் கலந்து கொடுக்கலாமா என்பதையும் சேர்த்திருக்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

லேபிளை ஒரு வரி விடாமல் எழுதி அனுப்பியதற்கு நன்றி. பெரும்பாலோர் டப்பாவின் முன்பக்கப் படத்தைப் பற்றி மட்டும் எழுதுவார்கள். நீங்கள் பின்பக்கத்தைப் படித்திருப்பதால் என்னால் திட்டமாகப் பதில் சொல்ல முடிகிறது. ஆனால் நீங்கள் கடைசியாக எழுதியதற்கே நான் முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அப்பா

அப்பாவுக்குக் கொடுப்பதை இன்றே நிறுத்திவிடுங்கள். 67 வயது ஆணுக்குக் கிரியாட்டினின் 1.9 என்றால், சிறுநீரகம் வடிகட்டும் திறன், இப்போது ஆய்வகங்கள் பயன்படுத்தும் கணக்கின்படி, நிமிடத்துக்கு 40 மில்லிக்குக் கீழே வருகிறது. சர்க்கரை நோய் நீண்ட நாள் இருப்பவருக்கு இந்த எண் மூன்று மாதங்களுக்கு மேல் இப்படியே நீடித்தால், அதை நாள்பட்ட சிறுநீரக நோயின் மூன்றாம் நிலை என்று மருத்துவர்கள் சொல்வார்கள். டயாலிசிஸ் செய்துகொள்ளாத இத்தகையவர்களுக்கு, ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.8 கிராம் புரதம் என்பதே பொதுவான பரிந்துரை, 1.3 கிராமைத் தாண்டக் கூடாது என்றும் எச்சரிக்கிறார்கள். வீட்டுச் சாப்பாட்டிலேயே அந்த 0.8 பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது. அதற்கு மேல் ஒரு ஸ்கூப் போடும்போது, ஏற்கெனவே தளர்ந்திருக்கும் உறுப்பின் தலையில் கூடுதல் சுமையை ஏற்றுகிறோம். பவுடரோடு சேர்ந்து வரும் பாஸ்பரஸும் பொட்டாசியமும் தனிக் கவலை.

அவருடைய சோர்வுக்குப் புரதக் குறைவுதான் காரணம் என்று நீங்கள் முடிவு செய்துகொண்டிருக்கிறீர்கள். அப்படி இருக்க வேண்டியதில்லை. ரத்தச் சிவப்பணுக்களை உருவாக்கத் தூண்டும் எரித்ரோபோயட்டின் என்ற ஹார்மோனைச் சுரப்பது சிறுநீரகம்தான். அது பழுதடையும்போது ரத்தசோகை வருவது மிகச் சாதாரணம். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாததும், சில மாத்திரைகளும்கூடச் சோர்வைத் தரும். ஆகவே ஹீமோகுளோபின், பொட்டாசியம், யூரியா, கிரியாட்டினின், சிறுநீரில் அல்புமின் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, சிறுநீரக மருத்துவர் ஒருவரிடம் இந்த வாரத்திலேயே அழைத்துச் செல்லுங்கள். பவுடர் கொடுத்த பத்து நாட்களையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பாசத்தில் செய்தது என்பது எனக்குப் புரிகிறது. பத்து நாளில் எல்லாம் முடிந்துவிட்டது என்று நீங்கள் உங்களையே நொந்துகொள்ள வேண்டாம்; தொடர்வதுதான் தவறு.

மகளுக்கும் வேண்டாம். ஏழு முதல் ஒன்பது வயதுக் குழந்தைக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் பரிந்துரைக்கும் புரதம் நாளுக்குச் சுமார் 23 கிராம்தான். ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால், மதியம் பருப்பு சாதம், மாலையில் ஒரு கைப்பிடி சுண்டல் என்றால் அது நிறைந்துவிடும். இந்த வயதில் நாக்குக்குச் சாக்லேட் இனிப்பைப் பழக்கிவிட்டால், பிறகு வெறும் பாலைக் குடிக்க வைப்பதே பெரும்பாடு.

உங்களுக்கு எத்தனை கிராம் குறைகிறது

ஃப்ளேவரைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் போட்டாக வேண்டும். ஐசிஎம்ஆர் 2020-ல் வெளியிட்ட அளவின்படி, சாதாரணமாக நடமாடும் ஒருவருக்கு ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம் போதும். உங்களுக்கு அது 60 கிராம். வாரத்தில் நான்கு நாள் பளு தூக்குபவர் என்பதால் உங்களுக்கு நான் 1.2 முதல் 1.4 வரை, அதாவது 86 முதல் 100 கிராம் வரை எடுத்துக்கொள்ளச் சொல்வேன். 1.6 கிராமைத் தாண்டி எவ்வளவு எடுத்தாலும் தசைக்குக் கிடைக்கும் கூடுதல் பலன் மிகக் குறைவு.

நீங்கள் எழுதிய சாப்பாட்டைக் கூட்டிப் பார்த்தேன். காலையில் நான்கு இட்லியும் சாம்பாரும் சேர்த்து ஏறக்குறைய 11 கிராம். மதியம் சோறு, சாம்பார், பொரியல், தயிர் எல்லாம் சேர்த்து 18. இரண்டு முட்டை 12. இரவில் மூன்று சப்பாத்தியும் குருமாவும் 12. இரண்டு வேளைத் தேநீரின் பாலில் 6. ஆக மொத்தம் 60 கிராமை ஒட்டி வருகிறது. ஆகவே உங்கள் குறை 26 முதல் 40 கிராம். நீங்களோ லேபிளின்படி 24 கிராம் வீதம் இரண்டு ஸ்கூப்பும், பாலிலிருந்து 10 கிராமுமாக, நாள் முழுவதும் சாப்பிட்ட புரதத்துக்குச் சமமான 58 கிராமை இரவு ஒன்பது மணிக்கு ஒரே மூச்சில் குடித்துக்கொண்டிருந்தீர்கள்.

இந்தக் குறையைப் பவுடர் இல்லாமலே நிரப்பலாம். 50 கிராம் உலர்ந்த சோயா சங்க்ஸில் 26 கிராம், 100 கிராம் பனீரில் 18 கிராம், 100 கிராம் அவித்த கொண்டைக்கடலையில் 8 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, உடலை வளர்ப்பதற்காகப் புரோட்டீன் பவுடர் எடுப்பதையே தவிர்க்கச் சொல்கிறது. அதில் சேரும் சர்க்கரையையும் செயற்கை இனிப்பையும் ஃப்ளேவரையும் காரணமாகக் காட்டுகிறது. நான் அந்த அளவுக்குக் கண்டிப்பாகச் சொல்ல மாட்டேன். இறைச்சி சாப்பிடாத, இரவு எட்டு மணிக்கு மேல்தான் உடற்பயிற்சிக்கு நேரம் கிடைக்கும் ஒருவருக்கு, ஒரு ஸ்கூப் உதவியாக இருக்கும். ஒரே ஒரு ஸ்கூப், அதோடு மாலையில் ஒரு கிண்ணம் சுண்டல். இதற்கு மேல் உங்களுக்குத் தேவையில்லை.

வயிற்றைக் கெடுத்தது எது

ஃப்ளேவர்தான் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்திருக்கிறீர்கள். எனக்குச் சந்தேகம் பால் மீதுதான். பனீருக்காகப் பாலைத் திரித்த பிறகு மிஞ்சும் தெளிந்த நீர்தான் வே. அதை வடிகட்டிக் காய வைத்தால் கான்சன்ட்ரேட், மேலும் சுத்திகரித்தால் ஐசொலேட். கான்சன்ட்ரேட்டில் பால் சர்க்கரையான லாக்டோஸ் சுமார் 4 முதல் 8 சதவீதம் இருக்கும். எனவே உங்கள் இரண்டு ஸ்கூப்பில் அது சில கிராம்தான். ஆனால் 300 மில்லி பாலில் 14 கிராம் இருக்கிறது. நம் ஊர்களில் வளர்ந்தவர்களில் பலருக்கு லாக்டோஸைச் செரிக்கும் நொதி வளர வளரக் குறைந்துவிடும். அப்படிப்பட்டவர்களும் ஒரு வேளைக்குச் சுமார் 12 கிராம் வரை பெரும்பாலும் தாங்கிக்கொள்வார்கள்; அதைத் தாண்டும்போதுதான் உப்புசமும் வாயுவும் வருகின்றன. தேநீரும் தயிரும் உங்களுக்குத் தொல்லை தராததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்: தேநீரில் பால் கொஞ்சம்தான், தயிரில் லாக்டோஸின் ஒரு பகுதியை நுண்ணுயிர்களே தின்றுவிடுகின்றன.

இதைப் பணம் செலவழிக்காமல் சோதித்துப் பார்க்கலாம். வேறு எதையும் மாற்றாமல், ஒரு வாரம் ஒரு ஸ்கூப்பை வெறும் தண்ணீரில் கலந்து குடித்துப் பாருங்கள் என்றுதான் பொதுவாகச் சொல்வேன். உங்கள் டப்பாவைப் பொறுத்தவரை அதைக்கூடச் சொல்லத் தயங்குகிறேன்; காரணம் பின்னால் வருகிறது. புதிய பவுடர் வாங்கியதும் தண்ணீரில் தொடங்குங்கள். அப்போதும் உப்புசம் இருந்தால், லாக்டோஸ் ஒரு சதவீதத்துக்கும் கீழே உள்ள ஐசொலேட்டுக்கு மாறுங்கள். அதிலும் தீராவிட்டால், கெட்டித்தன்மைக்காகச் சேர்க்கும் பசைகளையும் இனிப்புகளையும் சந்தேகிக்க வேண்டும். எடை குறைவது, மலத்தில் ரத்தம், இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வயிற்றுப்போக்கு ஆகியவற்றில் எது இருந்தாலும் இந்தச் சோதனைகளில் நேரம் கடத்தாமல் மருத்துவரைப் பாருங்கள்.

சூடு என்று அம்மா சொல்வதையும் தள்ளிவிட வேண்டாம். அதிகப் புரதம் உடைந்து யூரியாவாக வெளியேறத் தண்ணீர் தேவை. நாளெல்லாம் குளிரூட்டிய அறையில் கணக்குப் பார்த்துவிட்டு, தாகம் தெரியாமல் இரண்டு டம்ளர் தண்ணீரோடு நிறுத்திக்கொள்பவருக்குச் சிறுநீர் மஞ்சளாகி எரியத்தான் செய்யும். அதைத்தான் அம்மா பார்த்திருக்கிறார். அளவைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டினால் அந்தச் சூடு தணிந்துவிடும்.

ஃப்ளேவர் என்ற பெயரில் உள்ளே வருபவை

லேபிளில் பொருட்கள் எடை அதிகமானதிலிருந்து குறைந்ததை நோக்கி வரிசையாக எழுதப்பட வேண்டும் என்பது விதி. உங்கள் டப்பாவில் வே கான்சன்ட்ரேட்டுக்கு அடுத்துக் கோகோ பவுடர் வருகிறது. 33 கிராம் ஸ்கூப்பில் 24 கிராம் புரதம் என்றால் 100 கிராமுக்கு 73 கிராம். ஃப்ளேவரே சேர்க்காத கான்சன்ட்ரேட்டில் இது 80-ஐ நெருங்கும். இந்த வித்தியாசம்தான் ஃப்ளேவருக்காக நீங்கள் கொடுக்கும் இடம். எந்த டப்பாவை எடுத்தாலும் ஸ்கூப் கணக்கைப் பார்க்காமல் 100 கிராமுக்கு எவ்வளவு என்பதை மட்டும் பாருங்கள். ஸ்கூப்பின் அளவு டப்பாவுக்கு டப்பா மாறும். 100-க்கு 15, 20 கிராம் மட்டுமே புரதம் உள்ள, எடை கூட்டுவதற்கான மாஸ் கெய்னர் டப்பாக்களும் இதே அலமாரியில்தான் இருக்கும். அவற்றில் பெரும்பகுதி மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்து, சர்க்கரையைப் போலவே ரத்தத்தில் வேகமாக ஏறுவது.

அடுத்து, சேர்க்கைப் பொருட்களைக் குறிக்க லேபிளில் வரும் எண்கள். 322 லெசித்தின், பவுடர் தண்ணீரில் எளிதில் கரைவதற்காக. 412-ம் 415-ம் கெட்டியாக்கும் பசைகள். 955 சுக்ரலோஸ், 950 அசிசல்ஃபேம் பொட்டாசியம், 951 அஸ்பார்ட்டேம், 960 ஸ்டீவியா இலையிலிருந்து எடுப்பது. மாம்பழம், குல்ஃபி போன்றவற்றில் 102, 110 என்ற மஞ்சள், ஆரஞ்சுச் சாயங்கள் சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். தினமும் குடிக்கும் பொருளுக்கு நிறம் எதற்கு?

சுக்ரலோஸைப் பற்றி உங்கள் நண்பர் சொன்னதில் வேறொரு செய்தி கலந்துவிட்டது என்று நினைக்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2023 ஜூலையில் ‘புற்றுநோயை உண்டாக்கக்கூடும்’ என்ற பட்டியலில் சேர்த்தது அஸ்பார்ட்டேமை. அப்போதும் ஒரு கிலோ எடைக்கு 40 மில்லிகிராம் என்ற தினசரி வரம்பை நிபுணர் குழு மாற்றவில்லை. சுக்ரலோஸுக்கு அந்த வரம்பு 15 மில்லிகிராம். உங்கள் எடைக்கு ஒரு கிராமுக்குச் சற்று மேல். சர்க்கரையைவிட 600 மடங்கு இனிப்பான பொருள் அது. ஒரு ஸ்கூப்பில் சேர்வது மிகச் சொற்பம். ஆகவே பயப்பட வேண்டியதில்லை. ஆனால் எடை குறைப்பதற்காக இத்தகைய இனிப்புகளை நம்ப வேண்டாம் என்று அதே நிறுவனம் 2023-ல் சொன்னதையும் நான் மதிக்கிறேன்.

சாக்லேட்டை நான் தள்ளி வைக்கச் சொல்வதற்கு வேறொரு காரணம் இருக்கிறது. கோகோ மரம் மண்ணிலுள்ள காட்மியம் என்ற நச்சு உலோகத்தை உறிஞ்சிக்கொள்ளும்; கொட்டைகளைக் காய வைக்கும்போது தூசியோடு ஈயமும் படியும். அமெரிக்காவில் 160 புரோட்டீன் பவுடர்களைச் சோதித்து 2025 தொடக்கத்தில் வெளியான ஓர் அறிக்கையில், வெனிலாவைவிடச் சாக்லேட் ஃப்ளேவரில் ஈயம் நான்கு மடங்கு வரை இருந்தது. வேயைவிடத் தாவரப் புரதங்களிலும் அதிகமாகவே இருந்தது. எப்போதாவது குடிப்பவர் இதற்காக அஞ்ச வேண்டாம். வருடக்கணக்கில் தினமும் குடிக்கப்போகிறவர் எனில், சாக்லேட்டைவிட வெனிலா, வெனிலாவைவிட ஃப்ளேவர் இல்லாதது. காபி ஃப்ளேவர் உங்களுக்கு ஏற்றதல்ல. இரவு ஒன்பது மணிக்குக் கஃபீன் உள்ளே போனால் தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் நீங்கள் தூக்கிய பளுவுக்கும் பலன் குறையும்.

ஒரிஜினலா என்பதைத் தண்ணீர் சொல்லாது

கட்டியில்லாமல் கரைவது லெசித்தின் சேர்த்ததன் விளைவு. போலியும் அழகாகக் கரையும். உங்கள் லேபிளில் என் கண் நின்ற இடம் வேறு: பொருள் பட்டியலில் கிளைசின், டாரின் என்று இரண்டு பெயர்கள் இருக்கின்றன. ஆய்வகத்தில் வழக்கமாக அளப்பது புரதத்தை நேரடியாக அல்ல. நைட்ரஜனை அளந்து, அதை ஓர் எண்ணால் பெருக்கிப் புரதம் என்று எழுதுகிறார்கள். கிளைசினும் டாரினும் விலை மலிந்த, நைட்ரஜன் உள்ள தனிப் பொருட்கள். அவற்றைக் கலந்தால் தசைக்குத் தேவையான புரதம் கூடாமலே எண் மட்டும் கூடும். 2008-ல் சீனாவில் பால் பவுடரில் மெலமைன் கலந்து குழந்தைகளின் சிறுநீரகங்களைப் பாழாக்கியவர்கள் பயன்படுத்திக்கொண்டதும் இதே ஓட்டையைத்தான். கிளைசின் மெலமைனைப் போல நஞ்சல்ல; ஆனால் உங்கள் 24 கிராமில் எவ்வளவு உண்மையான வே என்று அந்த லேபிளை வைத்துச் சொல்ல முடியாது. மீதியிருக்கும் கால் கிலோவைக் குடித்துத் தீர்க்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும், ரசீது இல்லாததும் காரணம்.

இது உங்கள் ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. இந்தியாவில் விற்கும் 36 புரோட்டீன் பவுடர்களைச் சோதித்து 2024-ல் ‘மெடிசின்’ ஆய்விதழில் வெளியான கட்டுரையில், ஏறத்தாழ 70 சதவீதத்தில் புரத அளவு லேபிளோடு ஒத்துப்போகவில்லை. 14 சதவீதத்தில் அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சும், 8 சதவீதத்தில் பூச்சிக்கொல்லி எச்சமும் இருந்தன. ஆகவே இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க உரிம எண், தொகுதி எண், காலாவதித் தேதி, ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்ற வாசகம், வெளிநாட்டுப் பொருள் என்றால் இறக்குமதியாளரின் முகவரி ஒட்டிய ஸ்டிக்கர் ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். தயாரிப்பாளர் அந்தந்தத் தொகுதிக்கு வெளி ஆய்வகத்தில் எடுத்த அறிக்கையைக் காட்டுகிறாரா என்றும் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக ரசீது வாங்குங்கள். ரசீது இருந்தால்தான் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் நீங்கள் சொல்லும் புகாருக்கு வலு இருக்கும். பயிற்சியாளரோடு சண்டைக்குப் போக வேண்டாம், அவரும் யாரோ கொடுத்ததை நம்பி விற்றிருக்கலாம். “எனக்கு ரசீது வேண்டும், இல்லையென்றால் கடையில் வாங்கிக்கொள்கிறேன் அண்ணா” என்று சொன்னால் போதும்.

வாங்குவதும் கலக்குவதும்

உங்களுக்கு நான் சொல்வது, ஃப்ளேவர் இல்லாத வே கான்சன்ட்ரேட், அரைக் கிலோ மட்டும். விலையை டப்பாவோடு ஒப்பிடாமல் புரதத்தோடு ஒப்பிடுங்கள்: கிலோ 2,400 ரூபாய், 100-க்கு 75 கிராம் என்றால் ஒரு கிராம் புரதம் 3 ரூபாய் 20 காசு. முட்டை 7 ரூபாய்க்குக் கிடைத்தால் அதில் ஒரு கிராம் புரதம் ஒன்றேகால் ரூபாய்கூட ஆகாது. இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுவிட்டால், இரண்டாவது ஸ்கூப்பைக் கை தானாகவே விட்டுவிடும்.

ஃப்ளேவர் இல்லாததை அப்படியே குடித்தால் பால்கோவா வாசனையும் லேசான கசப்புமாக இருக்கும். முதல் நாள் பலருக்குப் பிடிப்பதில்லை. என்னிடம் வருபவர்களுக்கு நான் சொல்லும் முறை இது. ஷேக்கரில் முதலில் 250 மில்லி குளிர்ந்த தண்ணீரை ஊற்றி, அதன் மேல் பவுடரைப் போடுங்கள். பவுடரை முதலில் போட்டால் அடியில் ஒட்டிக்கொண்டு கரையாது. அரை நிமிடம் குலுக்கி, நுரை அடங்க ஐந்து நிமிடம் விடுங்கள். அதில் பாதி வாழைப்பழத்தை மசித்து, ஒரு ஏலக்காயைத் தட்டிப் போட்டால் கசப்பு தெரியாது. பேரீச்சம்பழம் இரண்டை மாலையிலேயே ஊற வைத்து அரைத்துச் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். சூடான பாலிலோ கொதிக்கும் கஞ்சியிலோ போடாதீர்கள். முட்டை வேகுவதுபோல் வேயும் திரண்டு கட்டிகட்டியாகிவிடும். ராகிக் கஞ்சியில்தான் வேண்டுமென்றால், விரல் வைத்தால் சுடாத அளவுக்கு ஆறிய பிறகு கலக்குங்கள்.

அரைக் கிலோ தீர இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் வயிறு அமைதியானதா என்று ஒரு வரி எழுதுங்கள். அப்பாவின் புதிய பரிசோதனை முடிவுகளும் கையில் இருந்தால் அவற்றையும் சேர்த்து அனுப்புங்கள்.